ஐந்து மணி பஸ்

"கையெழுத்துதானே கேக்கறோம், உன் தலையையா கேக்கறோம்?" என்று வேண்டா கேட்டதும், உலகநாதன் வாயில் வைத்த சோற்றை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தட்டுக்குப் பக்கத்தில், குழம்புக் கிண்ணத்தை ஒட்டி ஒரு காகிதம் கிடந்தது. செங்கல்பட்டில் ஒரு நர்சிங் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த காகிதம். மகள் துர்காதேவிக்கு மூன்று வருஷப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் விடுதி நிறைந்துவிட்டதாம். வீட்டிலிருந்து வந்து போகிற பெண்கள் காலை ஏழரை மணிக்கு ஆஸ்பத்திரி வார்டில் நிற்க வேண்டும், மாதத்தில் மூன்று நாள் பிந்தினால் பெயரை எடுத்துவிடுவோம், இதற்கெல்லாம் சம்மதம் என்று தாயோ தகப்பனோ கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. திங்கட்கிழமை வகுப்பு தொடக்கம். இன்றைக்குச் செவ்வாய்.

"ஏழரைக்கு செங்கல்பட்ல நிக்கணும்னா நம்மூர்ல இருந்து இன்னாத்துல போவா? ரெக்க கட்டிகினா?" என்றார் உலகநாதன், சோற்றை ஒருவழியாக விழுங்கிவிட்டு.

"அத நீ சொல்லு. ஊருக்கே மெம்பரா இருந்த ஆளு நீதானே."

"செங்கல்பட்லயே ஜெகதாம்பா அக்கா வூட்ல உட்டு வெக்கலாம்னா..."

"உட்டுட்டு? அங்க கல்யாண வயசுல புள்ள குந்திகினு கீறான். மொறப்பையன் இருக்கற வூட்ல பொண்ண உட்டா, நாலாவது மாசமே பாக்கு வெத்தல மாத்தலாம்னு வந்து நிப்பாங்க உங்கொக்கா. அப்பறம் நர்சு எங்க, படிப்பு எங்க?"

அக்காவை உலகநாதனுக்கும் தெரியும். செய்யூருக்குப் போய் பஸ் ஏறலாமென்றால் இவர்கள் ஊரான தாழையம்பாக்கத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர். அங்கே முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் செங்கல்பட்டு போய்ச் சேர எட்டரை ஆகிவிடும். ஊருக்குள் வருகிற மினி பஸ்ஸோ காலை ஒன்பதுக்கு ஒன்று, சாயங்காலம் நாலுக்கு ஒன்று.

"முடியாதுன்னு சொல்றியா, வேணாம்னு சொல்றியா? அத மட்டும் சொல்லு" என்றாள் வேண்டா. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டதென்று, இதோடு போதும் சாமி என அவள் அப்பன் வைத்த பெயர் அது. அந்தப் பெயரோடு நாற்பது வருஷம் வாழ்ந்தவளுக்கு ஒரு பெண்ணை எவராவது வேணாம் என்று சொல்வது காதில் விழுந்தால் உடம்பு எரியும்.

துர்காதேவி அடுப்படி நிலையில் சாய்ந்தபடி நின்றிருந்தாள். பதினேழு வயது. அதிர்ந்து பேசமாட்டாள்.

"நைனா, கூட்ரோட்ல அஞ்சு பத்துக்கு ஒரு பஸ்சு கீது. நேரா செங்கல்பட்டு. ஏழே காலுக்குள்ள எறக்கி உட்டுடும். காலனி வழியா நடந்தா கூட்ரோடு மூணு கிலோமீட்டருதான். ஏசுபாதம் பொண்ணு ஜெஸ்ஸிக்கும் அதே ஸ்கூல்ல எடம் கெடச்சிகீது. அவ அதுலதான் போவப்போறா. நானும் அவகூட..."

"காலனி வழியாவா? விடியறதுக்கு முன்னாடி எம்பொண்ணு காலனிக்குள்ள பூந்து போவுறதா? ஊர் இன்னா பேசும்?"

"சரி, அது வேணாம்" என்றாள் துர்காதேவி. பிறகு, நிஜமாகவே தெரியாமல்தான், கேட்டாள்: "நான் அஞ்சாவது படிக்கச்சொல்ல நம்மூர்லயே காலைல அஞ்சு மணிக்கு ஒரு பஸ்சு பொறப்படும் இல்ல? மதுராந்தகம் போவுமே. அது ஏன் நைனா நின்னுபோச்சி?"

உலகநாதன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

அவர் ஏன் எழுந்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உலகநாதன் கெட்ட மனிதர் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால் நமக்கு வேலை மிச்சம். ஆனால் அப்படியும் சொல்வதற்கில்லை. இரண்டு ஏக்கர் வேர்க்கடலை, கொஞ்சம் சவுக்கு, யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதல் ஆளாக நிற்கிற சுபாவம். அஞ்சு வருஷம் பஞ்சாயத்தில் வார்டு மெம்பராக இருந்தார். பதவி போயும் பெயர் போகவில்லை, இன்றைக்கும் மெம்பர்தான். எல்லாவற்றுக்கும் மேலே, அவருடைய கையெழுத்து. பட்டா மாற்றமா, ரேஷன் அட்டையா, முதியோர் பென்ஷனா, எதுவானாலும் மனு எழுத ஊர் அவரிடம்தான் வரும். முத்து முத்தாக எழுதுவார்.

தொண்ணூற்றாறில் ஊருக்கு அந்த பஸ் வந்தது. ராத்திரி வந்து தங்கிவிட்டு, காலை ஐந்துக்குக் கிளம்பி ஆறேகாலுக்கு மதுராந்தகம். ஊருக்குள் பஸ் திரும்ப இடம் கிடையாது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் காலனி. அங்கே பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெரிய மைதானம். ஆகவே டெப்போக்காரர்கள் பஸ்ஸைக் காலனியில் நிறுத்தினார்கள். அவர்களுக்கு ஊர் என்றும் காலனி என்றும் கணக்கு இல்லை, திருப்ப இடம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நம் ஊருக்குக் கணக்கு உண்டே! காலனியில் புறப்படுகிற பஸ்ஸில் காலனிக்காரர்கள்தானே முதலில் ஏறுவார்கள்? மதுராந்தகத்துக்குச் சித்தாள் வேலைக்கும் அரிசி மில்லுக்கும் போகிற பெண்கள் ஜன்னலோரமாக உட்கார்ந்து வருவார்கள். பிள்ளையார் கோயிலருகே ஊர்க்காரர்கள் ஏறும்போது நிற்கத்தான் இடம் இருக்கும். பஸ்ஸில் நிற்பது உலகத்தில் நடக்காத காரியமா? இதே ஆட்கள் மதுராந்தகத்தில் மாறி ஏறினால் செங்கல்பட்டு வரைக்கும் படியில் தொங்கிக்கொண்டு போவார்கள். அங்கே போகாத மானம் இங்கே போயிற்று.

"நாம நின்னுகினு வர்றது, அவளுங்க குந்திகினு வர்றதா மெம்பரே? நல்லா கீது நாயம்!" என்று பக்கத்து வீட்டுக் கோபாலகிருஷ்ணன்தான் முதலில் கிளப்பினார். பத்துப் பேர் ஆமாம் போட்டார்கள். காலனிக்கு பஸ் போகக் கூடாது என்று எழுதினால் கேஸாகிவிடும். பாலம் பலவீனமாக இருக்கிறது, பஸ் போனால் உயிர்ச்சேதம் ஆகும் என்று எழுதினால்? யோசனை உலகநாதனுடையது. மனுவும் அவருடையது. அறுபத்திரண்டு கையெழுத்தில் முதல் கையெழுத்தும் அவருடையது. எஞ்சினீயர் பார்வையிட வருவதற்கு முதல் நாள் அந்தி சாய்கிற நேரத்தில், கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை நாலு போடு போட்டுப் பெயர்த்ததும் அவரும் கோபாலகிருஷ்ணனும்தான். எஞ்சினீயர் வந்தார், உடைந்த சுவரைப் பார்த்தார், கனரக வண்டி போகக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்.

பஸ் பிள்ளையார் கோயிலோடு நின்றது. திருப்ப இடமில்லாமல் டிரைவர் அரை பர்லாங்கு பின்னாலேயே ஓட்டிப் போய் தினமும் திட்டினார். காலனிப் பெண்கள் கோயிலருகே வந்து ஏறிப் பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த ஆண்கள் பேசிய பேச்சில் நாலே நாளில் வருவதை நிறுத்திவிட்டு, வயல் வரப்பில் கூட்ரோட்டுக்கு ஒரு தடம் போட்டுக்கொண்டார்கள். வசூல் விழுந்தது. ஒரு வருஷத்தில் டெப்போ அந்த பஸ்ஸையே எடுத்துவிட்டது. ஊரில் ஒருத்தரும் வருத்தப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. போகட்டும், அதுவே போதும் என்றிருந்தது.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அந்த மண் உலகநாதன் தலையில் விழ ஏழு வருஷம் ஆயிற்று.

மறுநாள் புதன்கிழமை, ஒன்பது மணி பஸ்ஸில் மதுராந்தகம் டெப்போவுக்குப் போனார். சட்டைப்பையில் ஒரு மனு. 'எங்கள் ஊரிலிருந்து உயர்கல்வி பயிலச் செல்லும் மாணவியர் நலன் கருதி' என்று தொடங்கி, அந்த ஐந்து மணி பஸ்ஸை மீண்டும் விடும்படி அழகாக எழுதியிருந்தார். பெண்ணுக்காகப் போகிறோம் என்ற நினைப்பில் நடையில்கூடக் கொஞ்சம் மிடுக்கு இருந்தது.

டெப்போவில் பார்த்தசாரதி என்றொரு அதிகாரி. தென்மாவட்டத்துக்காரர், தன்மையான ஆள். ஊர்ப் பெயரைக் கேட்டதும் பீரோவைத் துழாவி ஒரு பழைய காகிதக் கட்டை எடுத்து, தூசியைத் தட்டிப் பிரித்தார்.

"அந்த ரூட்டு ஏன் நின்னுச்சுன்னு பாத்துருவோம். இருங்க... பெரிய மனுவா இருக்கே" என்று சொல்லி வாய்விட்டே படித்தார். "'மேற்படி பாலமானது எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளபடியால், பெண்களும் குழந்தைகளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு...' அடடா! என்னா எழுத்துங்க! அச்சடிச்ச மாதிரி இருக்கு. இந்தாங்க, நீங்களே பாருங்க."

உலகநாதன் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை; ஒவ்வொரு சுழியும் அவருக்குத் தெரியும். சட்டைப்பையில் இருந்த மனுவின் மேல் கை தானாகப் போய் அழுத்திக்கொண்டது. இதை எடுத்து நீட்டினால் இரண்டு காகிதமும் ஒரே கை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"மனு ஏதும் கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லீங்க... விசாரிச்சிட்டுப் போலாம்னு வந்தேன்."

"விஷயம் என்னன்னா, பஸ் திரும்பணும்னா காலனிக்குத்தான் போகணும். பாலம் சரியில்லைன்னு ஃபைல்ல இருக்கு. எனக்கென்னமோ அந்தப் பாலத்துல கோளாறு இருக்கிற மாதிரி தெரியலை. லாரியெல்லாம் போயிட்டுத்தான் இருக்காம். மனு கொடுத்தவரே, நான் எழுதினது தப்பு, பாலம் அப்பவே நல்லாத்தான் இருந்துச்சுன்னு எழுதிக் கொடுத்தா, நான் மேல அனுப்பி ஒரு மாசத்துல பஸ் விடச் சொல்லிருவேன். உலகநாதன்னு போட்டிருக்கு. அவரு ஊர்ல இருக்காரா?"

எதிரே இருந்தவர் முகத்தில் சந்தேகமே இல்லை. அந்த நல்ல முகத்தைப் பார்த்து, நான்தான் அது என்று சொல்ல உலகநாதனுக்கு நாக்கு எழவில்லை.

"இல்லீங்க."

"வெளியூரு போயிட்டாரா?"

"செத்துட்டாருங்க."

பார்த்தசாரதி உச்சுக்கொட்டினார். "பாவம், நல்ல எழுத்துக்காரரு. சரி, விடுங்க. ஊர்க்காரங்க யாராவது ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, காலனிக்காரங்களும் கூடப் போட்டா போதும். உங்க பேரு?"

"கோபாலகிருஷ்ணன்" என்றார் உலகநாதன்.

வெளியே வந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதையைக் கேட்டிருக்கிறார். தன்னையே மறைத்தவன் கதையை அன்றைக்குத்தான் பார்த்தார். நாற்பத்தெட்டு வயதில், வேர்க்க விறுவிறுக்க, தன் சாவைத் தானே அறிவித்துவிட்டு வருகிறோமே என்று நினைத்தபோது கூச்சத்தில் உடம்பு குறுகியது. எவன் முகத்தையும் பார்க்காமல் ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் சாயங்காலம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக் காலனிக்குப் போனார். ஓட்டுக் கேட்கப் போனதோடு சரி, அதற்கப்புறம் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. ஏசுபாதம் கொத்தனார், அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலில் ஒட்டிய சிமெண்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. சின்ன வயதிலிருந்து உலகநாதன் அவரை 'டேய் ஏசுபாதம்' என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறார். இன்றைக்கு அவர் வாசலிலேயே நின்றுகொண்டு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. தொண்டையைச் செருமினார்.

"வாங்க மெம்பரே" என்று ஏசுபாதம் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மனைவி மார்கரெட் கதவோரம் வந்து நின்றாள். "தண்ணி குடுத்தா வேணாம்னு சொல்ல உங்களுக்கு சங்கட்டமா இருக்கும். அதான் கொண்டாரல, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள். கிண்டல் இல்லாமல்தான் சொன்னாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது உலகநாதனுக்கு.

விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னார். பஸ் வரும், இரண்டு பெண்களும் போகலாம், கையெழுத்துதான் வேண்டும்.

"போட்றோம். அதுக்கின்னா?" என்றார் ஏசுபாதம். "ஆனா மெம்பரே, ஒண்ணு சொல்றேன். அந்தப் பாலத்துக்கு கலவ போட்டவன் நானு. பூசுனவன் நானு. நீங்க மனு குடுத்தப்பறம் காண்ட்ராக்டரு, மட்டமா வேல செஞ்சிட்டடா திருட்டுப்பயலேன்னு என்னைத் தொரத்திட்டாரு. ரெண்டு வருஷம் இந்தப் பக்கத்துல ஒருத்தன் கூப்பிடல வேலைக்கி. இடிச்சது யாருன்னு தெரிஞ்சும் சொல்ல முடியல. சொன்னா இங்க இருக்க முடியுமா?"

உலகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயன்றதும் இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து மூத்த மகள் சரோஜா வந்தாள். இருபத்தொரு வயது, கல்பாக்கத்தில் கட்டட வேலைக்குப் போகிறாள். அந்த பஸ் நின்றபோது எட்டாவது. ஒன்பதாவதுக்கு மதுராந்தகம்தான் போக வேண்டும். பஸ் இல்லை, அப்பனுக்கு வேலையும் இல்லை. படிப்பு அதோடு சரி. தங்கை ஜெஸ்ஸி அதே வரப்பில் கூட்ரோடு வரை நடந்து நடந்து பன்னிரண்டாவது முடித்தாள் என்றால் அது சரோஜா சுமந்த செங்கல்லினால்தான். அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து உலகநாதன் மடியில் வைத்தாள்.

"உங்க கைலயே எழுதுங்க மெம்பரே. கீழ நாங்க எல்லாரும் போட்றோம்."

உலகநாதன் எழுதினார். 'மேற்படி பாலத்தில் விரிசல் ஏதும் இல்லை. பேருந்து செல்ல ஏற்ற நிலையில் உள்ளது.' சரோஜா குனிந்து, எழுத்துக் கூட்டாமலேயே கடகடவென்று படித்தாள்.

"இப்ப இல்லைன்னு எழுதிக்கினு கீறீங்க. அப்பவும் இல்லைன்னு எழுதுங்க. செவுரு தானா உழுவல, நாங்க இடிச்சோம்னு எழுதுங்க."

பேனா நின்றது. அதை எழுதுவதென்றால் கீழே உலகநாதன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், செத்தவன் எப்படி ஐயா கையெழுத்துப் போட்டான் என்று அந்த நல்ல மனிதர் கேட்பார். ஊர் கேட்கும். கோபாலகிருஷ்ணன் கேட்பார். உலகநாதன் தாளை நாலாக மடித்தார்.

"நாளைக்கி வந்து எழுதித் தர்றேம்மா" என்றார். சரோஜாவை அம்மா என்று சொன்னது அவருக்கே விநோதமாக இருந்தது. அவள் நம்பவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து, பஸ் வர ஆறு மாசமாவது ஆகும், இந்த வருஷம் ஆகாத காரியம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வேண்டாவிடம் சொல்லிப் பார்த்தார். அவர் முடிப்பதற்குள் துர்காதேவி வெளியிலிருந்து வந்தாள். கடைக்குப் போன இடத்தில் ஜெஸ்ஸியைப் பார்த்திருக்கிறாள் என்பது அவள் முகத்தைக் கண்டதுமே தெரிந்துவிட்டது.

"நைனா, பாலத்து செவுத்த இடிச்சது நீயா?"

உலகநாதன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவளுங்க குந்திகினு வந்ததுக்கா?"

பெற்ற பெண் முன்னால் அப்படியொரு வெட்கத்தோடு அவர் நின்றதே இல்லை. கத்தினாலாவது அப்பன் என்ற அதிகாரத்தில் பதிலுக்குக் கத்தலாம். அவளோ தணிந்த குரலில் கேட்டுவிட்டு, தணிந்தபடியே பதிலுக்கு நின்றாள்.

"அவர மட்டும் கேக்காத" என்றாள் வேண்டா. "அன்னிக்கி கடப்பார முழுக்க சுண்ணாம்பும் சிமெண்டுமா வந்திச்சி. கழுவி மூலைல சாத்தினவ நானு. எதுக்குய்யான்னு ஒரு வார்த்த கேக்கல. நமக்கு இன்னாத்துக்கு வம்புன்னு வாய மூடிகினு இருந்தேன். யாரோட பொண்ணுங்க படிப்போ போவுதுன்னு இருந்தேன். இப்ப எம்பொண்ணு படிப்பு வாசல்ல நிக்குது." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "அந்தக் காயிதத்தக் குடுடி. தாயோ தகப்பனோன்னுதானே போட்டிருக்கு?"

அறிவொளி இயக்கத்தில் மூன்று மாதம் போய்க் கற்றுக்கொண்ட எழுத்து. வே ஒரு பக்கம் சாய்ந்தது, ண் கோட்டைத் தாண்டிப் போயிற்று. ஒரு கையெழுத்துப் போட அவளுக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஊருக்கே மனு எழுதினவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போதும், நான் போடுகிறேன் என்று சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

"பஸ்சு வர்றப்ப வரட்டும். நான் ஜெஸ்ஸி கூட நடந்துக்கறேன்" என்றாள் துர்காதேவி. வெள்ளிக்கிழமை அவளே போய்க் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் சேதி ஊர் முழுக்கப் பரவியது. கோபாலகிருஷ்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "இன்னா மெம்பரே, பொண்ணு காலனிக்குள்ளாற பூந்து போவப்போவுதாமே? நாளைக்கி எவன் பொண்ணு கேட்டு வருவான் உன் வூட்டுக்கு?" என்றார். செவ்வாய்க்கிழமை உலகநாதனே ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார். இப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதுபோல எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை நாலரை மணி. வேண்டா சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்து மகளை வாசல் வரை கொண்டு விட்டாள். கிழக்கே இன்னும் வெளுக்கவில்லை. கடல் காற்று சவுக்குத் தோப்பில் இரைந்துகொண்டிருந்தது. துர்காதேவி நடந்தாள். பத்தடி பின்னால் உலகநாதன் டார்ச் விளக்கோடு நடந்தார். வருகிறேன் என்று அவர் சொல்லவும் இல்லை, வராதே என்று அவள் சொல்லவும் இல்லை.

பாலத்தின் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள். சரோஜா, வெள்ளைச் சீருடையில் ஜெஸ்ஸி, கையில் கரண்டியும் ரசமட்டமும் வைத்த பையோடு ஏசுபாதம். துர்காதேவி பாலத்தைத் தாண்டிப் போய் ஜெஸ்ஸி பக்கத்தில் நின்றுகொண்டாள். இரண்டு பேருக்கும் ஒரே சீருடை.

உலகநாதன் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். டார்ச் வெளிச்சம் பெயர்ந்து கிடந்த கைப்பிடிச் சுவரின் மேல் விழுந்தது. ஏழு வருஷமாக அதை யாரும் பூசவில்லை. மேலே கால் வைக்கவும் தோன்றவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. அத்தனை பெண்களும் அவரையே பார்த்தார்கள்.

"பாலம் தாங்கும் மெம்பரே" என்றார் ஏசுபாதம். "பயப்படாம வாங்க."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டாள். உலகநாதன் முகத்தில் அனல் அடித்தது. தன் பெண்ணும் அங்கேதான் நிற்கிறாள், அவளும் அதைக் கேட்டாள். டார்ச்சை அணைத்தார். இருட்டில் பேசுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

"அப்பவும் தாங்கும்தான், ஏசுபாதம்" என்றார். "எனக்குத் தெரியும். நான்தான் இடிச்சேன். உம்மேல பழி உழும்னு நான் நெனைக்கல... நெனச்சே பாக்கல."

மன்னித்தோம் என்று யாராவது சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ. சரோஜாதான் பேசினாள்.

"இத எங்ககிட்ட சொல்லி இன்னா மெம்பரே? எங்களுக்குத் தெரியாததா? பொய்ய எழுதித்தானே குடுத்தீங்க. இதையும் எழுதிக் குடுங்க."

துர்காதேவி பையைத் திறந்தாள். புது நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். பாலத்தின் மேல் திரும்பி நடந்து வந்து, அந்தத் தாளையும் நேற்று வாங்கிய புதுப் பேனாவையும் அப்பாவின் கையில் வைத்தாள்.

"எழுதி வையி நைனா. சாயங்காலம் நான் வரச்சொல்ல வாங்கிக்கறேன்."

தூரத்தில் கூட்ரோட்டுப் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. பெண்கள் தூக்குவாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு விறுவிறுவென்று வரப்பில் இறங்கினார்கள். இரண்டு வெள்ளைச் சீருடைகளும் நடுவில் போயின. உலகநாதன் தாளும் கையுமாகப் பாலத்தின் ஓரத்தில் நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவருக்காக யாரும் நிற்கவில்லை.